கிண்டி வரைக்கும் சீசன்

ஜூன் 3, 2025, செவ்வாய்

கம்பெனி கிண்டி எஸ்டேட்ட காலி பண்ணிட்டு ஒரகடம் போகுது. மிஷினெல்லாம் லாரில ஏத்தியாச்சு, புது ஷெட்டு 25ஆம் தேதிதான் ரெடியாம், அதுவரைக்கும் பாதி சம்பளத்துல வீட்ல இருங்கன்னுட்டாங்க. அதுக்கப்புறம் கம்பெனி வேன் வந்து ஏத்திக்கும், ட்ரெயினே வேணாம். இத மார்ச்லயே சொல்லித் தொலஞ்சிருந்தா நான் மூணு மாச ட்ரெயின் சீசன் டிக்கெட் எடுத்திருக்கவே மாட்டேன். ஒரு மாச சீசனுக்கு பதினஞ்சு தடவ போற காசு, மூணு மாசம்னா அதுல 2.7 மடங்கு, அந்த கொஞ்சூண்டு மிச்சத்துக்கு ஆசப்பட்டு எடுத்தது, இப்ப 24 வரைக்கும் செங்கல்பட்டு டு கிண்டி சும்மா கெடக்குது பாக்கெட்ல.

வீட்ல உக்காந்தா ஃபேன தொடைக்க சொல்றாங்க. கெளம்பிட்டேன்.

2006லேர்ந்து இதே லைன்ல போய்ட்டு வரேன், பரங்கிமலைல வண்டி எத்தன ஆயிரம் தடவ நின்னிருக்கும், ஒரு தடவ கூட எறங்குனதில்ல. இன்னிக்கு எறங்குனேன். மேல மெட்ரோ வந்ததுலேர்ந்து ஸ்டேஷனே அடையாளம் தெரியல. விசாரிச்சு விசாரிச்சு மலை அடிவாரத்துக்கு நடந்தேன், படி நூத்துக்கு மேல இருக்கு, பாதில ரெண்டு தடவ உக்காந்தேன். மேல சர்ச்சு, 1523ல போர்ச்சுகீசியர் கட்டுனது. அது தெரிஞ்சுதான் போனேன், தெரியாம போய் பாத்தது லாம்டன்னு ஒரு வெள்ளக்காரர் சிலை. 1802ல இந்த மலை பக்கத்துலேர்ந்து பெரும்பாக்கம் வரைக்கும் சுமார் 12 கிலோமீட்டர் சங்கிலி போட்டு அளந்திருக்காரு, நாடு பூரா அளந்த சர்வே அங்கதான் ஆரம்பிச்சு கடைசில எவரெஸ்ட் எவ்ளோ உயரம்னு கணக்கு போடற வரைக்கும் போயிருக்கு. கீழ ஏர்போர்ட் ரன்வே, ஒரு பிளேன் எறங்குறத மேலேர்ந்து குனிஞ்சு பாக்கறது ஒரு மாதிரியா இருந்துச்சு.

ஜூன் 5, வியாழன்

கிண்டிக்கு அந்தாண்ட சீசன் செல்லாது. அதனால கிண்டில எறங்கி கவுண்டர்ல ராயபுரத்துக்கு டிக்கெட் எடுத்துட்டு அடுத்த வண்டி பிடிச்சேன். பீச் ஸ்டேஷன்ல எறங்கி கும்மிடிப்பூண்டி பக்கம் போற வண்டிக்கு மாறணும், அதுக்கு இருபத்தஞ்சு நிமிஷம் நிக்க வேண்டியதாப் போச்சு.

ராயபுரம் ஸ்டேஷன யாரும் பெருசா பேசறதில்ல. 1856ல தென்னிந்தியாவோட மொத பாசஞ்சர் ட்ரெயின் இங்கேர்ந்துதான் வாலாஜா ரோடுக்கு கெளம்புச்சு. செண்ட்ரல் 1873, எக்மோர் 1908, ரெண்டுக்கும் இது பெரிய அண்ணன். ஆனா அண்ணன் இப்ப தனியா உக்காந்திருக்காரு. நல்ல உயரமான தூணுங்க, ஒரு தூண சுத்தி கையால அணைச்சு பாத்தேன், ரெண்டு கையும் சேரல, பக்கத்துல இருந்த பாட்டி சிரிச்சிடுச்சு.

அப்படியே காசிமேடு நடந்தேன். மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும், விசைப்படகெல்லாம் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு கட்டிக் கெடக்கு, ஃபைபர் போட்டுல பிடிச்ச மீன் மட்டும் கொஞ்சம் வித்தாங்க, வெலை கேட்டா தலை சுத்துச்சு, ஆனாலும் வெறும் கையோட போக மனசு வரல, ஒரு கிலோ சங்கரா வாங்கி ஐஸ் போட்டு கட்டி தந்தாங்க. அங்கதான் தப்பு பண்ணேன். மாம்பலம் வரதுக்குள்ள ஐஸ் உருகி பையிலேர்ந்து சொட்ட ஆரம்பிச்சிடுச்சு, எதிர்ல ஆஃபீஸ் போற பொண்ணு துப்பட்டாவ மூக்குல வெச்சுக்கிச்சு, எனக்கு கூச்சமா போச்சு, சைதாப்பேட்டைல எறங்கி ஓடிப்போய் வியாபாரிங்க ஏறுற வெண்டர் பெட்டில ஏறிட்டேன். கூடைக்கார அம்மா ஒருத்தங்க பைய வாங்கி பாத்துட்டு, "மீனு பரவால்ல, கட்டுனவன்தான் சரியில்ல"ன்னு சொல்லிட்டு அவங்ககிட்ட இருந்த பாலிதீன் கவர்ல இன்னொரு சுத்து சுத்தி தந்தாங்க. காசு குடுத்தா வாங்கல.

ஜூன் 8, ஞாயிறு

இன்னிக்கு வீட்டம்மாவும் பொண்ணும் கூட. ஞாயித்துக்கெழம வண்டி கம்மின்னு எனக்கு எப்படி தெரியும், நான் என்னிக்கு ஞாயித்துக்கெழம போயிருக்கேன். செங்கல்பட்டு பிளாட்பாரத்துல முக்கா மணி நேரம். கிண்டில எறங்கி எனக்கு மட்டும் டிக்கெட் எடுத்துட்டு வரேன்னு சொன்னதுக்கு, "ஏங்க, பத்து ரூபா மிச்சம் பண்ண எங்கள தனியா அனுப்புவீங்களா"ன்னு ஒரு மொறை. மூணு பேருக்கும் மயிலாப்பூருக்கே எடுத்தேன், சீசன் பாட்டுக்கு பாக்கெட்ல தூங்குச்சு.

பீச்ல மாறி பறக்கும் ரயில். சேப்பாக்கம் வரைக்கும் 1995ல வந்துச்சு, மயிலாப்பூர் 1997, வேளச்சேரி 2007. ஸ்டேஷனெல்லாம் வெளிலேர்ந்து பாத்தா பெரிய கல்யாண மண்டபம், உள்ள போனா மாப்ள வீட்டுக்காரங்களும் இல்ல பொண்ணு வீட்டுக்காரங்களும் இல்ல. பாதை பக்கிங்காம் கால்வாய ஒட்டியே போகுது, நாத்தமும் கூடவே வருது. ஆனா மாடி உயரத்துல போறதால வீட்டு மொட்டமாடி எல்லாம் நேரா தெரியுது, வடகம் காயுது, ஒரு தாத்தா புறாவுக்கு தீனி போடறாரு, பொண்ணு மொபைல உள்ள வெச்சிட்டு ஜன்னல்லயே இருந்துச்சு. அதுவே எனக்கு டிக்கெட் காசு வந்த மாதிரி.

கபாலி கோயில்ல நல்ல கூட்டம். லஸ் கார்னர் பக்கம் மெட்ரோவுக்கு தோண்டிப் போட்டிருக்காங்க, தகரம் அடிச்சு அடிச்சு சந்து மாதிரி ஆக்கிட்டாங்க, பஸ் எங்க நிக்கும்னு நாலு பேர்கிட்ட கேட்டா நாலு எடம் சொல்றாங்க. கடைசில ஒரு 29சி வந்துச்சு, பெசன்ட் நகர் போனோம். சாதா பஸ், லேடீஸுக்கு ஃப்ரீ. கண்டக்டர் அவங்க ரெண்டு பேருக்கும் சும்மா டிக்கெட் கிழிச்சு குடுத்துட்டு என்கிட்ட மட்டும் கைய நீட்டுனாரு. வீட்டம்மா மொகத்துல அப்ப இருந்த சந்தோஷம் கோயில்ல கூட இல்ல.

ஜூன் 11, புதன்

எங்கயும் போகல. மத்தியானம் தாம்பரம் வரைக்கும் போய் செருப்பு வாங்கிட்டு வந்தேன், அதெல்லாம் ஒரு பயணமா.

ஜூன் 18, புதன்

ஏப்ரல்ல விட்ட ஏசி லோக்கல்ல ஒரு தடவையாவது போகணும்னு ஆச. கொறஞ்ச டிக்கெட்டே 35 ரூபா, பீச் வரைக்கும் 105. சாதா சீசன் இதுல செல்லாது, போர்டு பாக்காம ஏறுனவங்க ஃபைன் கட்றத பாத்திருக்கோம்னு நம்ம கம்பார்ட்மெண்ட் ஆளுங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க.

போனேன். கதவு தானா மூடுது. ஜில்லுனு இருக்கு, வேர்வை இல்ல, தள்ளு இல்ல, கொறை ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா கொளவாய் ஏரி ஓரமா போகும்போது காலைல மூஞ்சில அடிக்கிற அந்த ஈரக்காத்து இல்ல, கண்ணாடிக்கு அந்தாண்ட ஏரி டிவி மாதிரி ஓடுது. சமோசாக்காரர் வரல, கண்ணு தெரியாத அந்த பேனா விக்கிற அண்ணனும் வரல. தாம்பரம் தாண்டி தூங்கிட்டேன், பீச்லதான் முழிச்சேன். 105 ரூபாய்க்கு நல்ல தூக்கம்.

1931லயே பீச் டு தாம்பரம் கரண்ட் வண்டி ஓடுன லைன் இது. எங்கப்பா மீட்டர் கேஜ் காலத்துல இதுல போனவரு, ஏசி வெச்ச லோக்கல்னா நம்பியே இருக்க மாட்டாரு.

திரும்பி வரும்போது சாதா வண்டி. அது தாம்பரத்தோட நின்னுடுச்சு, போர்டு பாக்கல. பத்தொம்பது வருஷம் போய் வந்தவன் பண்ற வேலையா இது. அடுத்த செங்கல்பட்டு வண்டிக்கு டீயும் பன்னும்.

ஜூன் 24, செவ்வாய்

சீசனுக்கு கடைசி நாள். எங்க போலாம்னு காலைலேர்ந்து யோசிச்சு யோசிச்சு பொழுது போயிடுச்சு. சாயங்காலம் சும்மா ஏறுனவன் அடுத்த ஸ்டேஷன் பரனூர்லயே எறங்கிட்டேன். வீட்லேர்ந்து ஒரே ஸ்டேஷன், அதுலயும் நான் எறங்குனதில்ல. வெளில மகிந்திரா சிட்டிக்கு போற வர பசங்க, எல்லாருக்கும் கழுத்துல டேக். நான் பெஞ்சுல உக்காந்து வேர்க்கடலை உரிச்சிட்டு இருந்தேன்.

இருட்ட ஆரம்பிச்சப்ப செங்கல்பட்டு வண்டி வந்துச்சு. வாசல்ல தொங்கிட்டு இருந்தவன், "ண்ணா! இங்க என்ன பண்றீங்க, ஏறுங்க ஏறுங்க"ன்னு கத்துறான். பாத்தா நம்ம ஆளுங்க, நம்ம வண்டிதான். ஏறிட்டேன். மூணு பேர் சீட்ல நாலாவதா நகந்து எடம் விட்டாங்க, மடியில அதே பழைய சூட்கேஸ், அதுமேல சீட்டுக்கட்டு.

"நாளைலேர்ந்து வேனாண்ணா? வேன்ல ஆட முடியுமா?"

ஒரே ஸ்டேஷன்தான்டா இருக்குன்னு சொன்னேன். பரவால்லன்னு எனக்கும் சேத்து சீட்டு போட்டாங்க.