மணல் ஒட்டிய புத்தகம்

கல்யாண்ஜியின் ‘மணல் உள்ள ஆறு’ கவிதைத் தொகுப்பை நேற்று ராத்திரி மறுபடி எடுத்தேன். பக்கங்கள் நெளிந்து, ஓரமெல்லாம் காவி ஏறிக் கிடக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் திருநெல்வேலி மீனாட்சிபுரத்து வீட்டுக்குள் தாமிரபரணி புகுந்து, கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் போயின. இதை மட்டும் தூக்கிப் போட மனசு வரவில்லை. பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பரைச் செருகி, ஒரு வாரம் ஃபேனுக்குக் கீழே வைத்து மீட்டேன். நடுவில் விரித்தால் மடிப்புக்குள் நாலைந்து மணல் இன்னும் விரலில் நெருடும். தட்டிவிடவில்லை.

கல்யாண்ஜி என்றால் நம்ம வண்ணதாசன்தான். 2016இல் சிறுகதைகளுக்காக சாகித்ய அகாதமி விருது வாங்கியவர். எனக்கு அவர் கவிதைகள்தான் ஒரு பிடி கூடுதல். கதையில் நின்று நிதானித்துச் சொல்லுவார். கவிதையில் பார்த்ததை நம் முன்னால் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

சின்ன வயசில் கோடை லீவுக்கு ஆச்சியோடு குறுக்குத்துறைக்குப் போவேன். குளித்து முடித்ததும் மணலை முழங்கை ஆழத்துக்குப் பறித்து ஊற்று எடுப்பாள். முதலில் ஊறுவது கலங்கலாக இருக்கும். சிரட்டையால் கோரி வெளியே ஊற்றுவாள். அவசரப்பட்டுக் கையை விட்டால், “கலக்காதலே, தானா தெளியும்” என்பாள். இரண்டு மூன்று தடவை இறைத்த பிறகு, அடியில் ஒவ்வொரு மணலும் தனித்தனியாகத் தெரியும்.

இந்தக் கவிதைகளையும் அப்படித்தான் படிக்கிறேன். முதல் தடவை ‘இவ்வளவுதானா’ என்று இருக்கும். சரி என்று விட்டுவிடுவேன். மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது அதே நாலு வரி தெளிந்து நிற்கும்.

அப்புறம், அந்தத் தலைப்பு. ஆறு என்றால் மணல் இருக்கத்தானே செய்யும் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். மணல் அள்ளியே ஆற்றைக் குழியாக்கியது எங்களுக்குத்தான் தெரியும். தோழர் நல்லகண்ணு வழக்குத் தொடுத்து, 2010இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து வருஷம் தடை போட வேண்டியிருந்தது. ஆச்சி ஊற்று எடுத்த இடத்தில் இப்போது பாறையும் அமலைச் செடியும்தான். அதனால் ‘உள்ள’ என்ற அந்தச் சின்னச் சொல்லில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

பாளையங்கோட்டையிலிருந்து அத்தை மகள் ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், இந்த நனைந்த புத்தகம்தான் வேண்டுமாம். அதுவரைக்கும் தினம் ரெண்டு கவிதை என்று வைத்திருக்கிறேன்.