ஐப்பசி மழைக் குறிப்புகள், பினாங்கு

அக்டோபர் 7, செவ்வாய்

மழையைக் கணிக்கப் பழக்கும் என் ஏஐ மாடலில் மறுபடியும் மைனஸ் மழை. பட்டர்வொர்த் பக்கம் கடலுக்கு மேலே, ஒரு மணி நேரத்துக்கு மைனஸ் 0.3 மில்லிமீட்டர். மாடலின் கடைசி அடுக்கில், விடையைப் பூஜ்யத்துக்குக் கீழே போகவிடாத சாஃப்ட்பிளஸ் போட்டால் போய்விடும். போட்டேன், போய்விட்டது. ஏன் வந்தது என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

அக்டோபர் 8, புதன்

ஆராய்ச்சிக்கு இன்னும் காலம் தரும் கடிதம் வரவில்லை.

அக்டோபர் 11, சனி

அம்மா வீடு. தீபாவளிக்கு அண்ணன் பெயிண்ட் அடிக்கிறான். பிரிட்ஜை நகர்த்தினால் பின்னால் அந்தக் கோடு அப்படியே இருக்கிறது. 2017 நவம்பர் 4 ராத்திரி தண்ணீர் ஏறி நின்ற இடம். பழுப்பாக, விரல் அகலத்தில். அதற்குக் கீழே சுண்ணாம்பு பொரிந்து, தொட்டால் உதிர்கிறது. அண்ணன் பிரஷ்ஷைக் கொண்டுபோனதும் அம்மா கையைப் பிடித்துக்கொண்டார். "அத விட்டுடுய்யா. அடுத்த தடவ எவ்வளவு ஏறுதுன்னு பாக்கணும்ல."

டேப் வைத்து அளந்தேன். 94 சென்டிமீட்டர். ஸ்விட்ச் பலகை 98-இல் ஆரம்பிக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

2017 வெள்ளத்தின் அந்த இரண்டு நாளையும் மாடலிடம் இன்றுதான் முதன்முதலாகக் கொடுத்தேன். ட்ரெயினிங்கில் 2017-ஐ வேண்டுமென்றே காட்டாமல் வைத்திருந்தேன். மூன்று வருஷமாகக் காத்திருந்த ராத்திரி.

தூறல். தீவு முழுக்க ஒரே சீராகத் தூறல். நிஜத்தில் கொட்டியதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆனால் நீர்க்கணக்கு சரி. பக்கவாட்டில் உள்ளே வந்த நீராவி, வெளியே போனது, கீழிருந்து ஆவியானது, பெய்தது, காற்றிலேயே தங்கியது எல்லாம் கூட்டிக் கழித்தால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வருகிறது. நீர்க்கணக்கு விதியை மீறினால் மாடலுக்கு எவ்வளவு தண்டனை என்று சொல்லும் எண் லாம்டா, அதைப் பத்து மடங்கு ஏற்றினேன். கணக்கு இன்னும் சுத்தமானது, தூறல் அப்படியே இருந்தது. இயற்பியல் விதியைப் போட்டுவிட்டால் மாடல் பொய் சொல்லாது என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறேன்! விதி எவ்வளவு தண்ணீர் என்றுதான் கேட்கிறது. எங்கே, எந்த ஒரு மணி நேரத்தில் என்று கேட்பதில்லை. எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெய்தாலும் அதற்குத் திருப்திதான். சராசரிப் பிழையைக் குறைக்கச் சொன்னதால் மாடலும் அந்தப் பாதுகாப்பான வழியில் போய்விட்டது. அம்மா வீடு இருக்கும் ஜாலான் பி. ரம்லியில் ஏறியது சராசரி மழை இல்லையே.

மாடல் படிப்பது இஆர்ஏ5, பழைய வானிலையை அளவீடுகளோடு சேர்த்துத் திரும்பக் கணித்த தரவு. அதன் ஒரு கட்டம் 0.25 டிகிரி, இங்கே ஏறக்குறைய 28 கிலோமீட்டர். பரப்பளவில் தீவு அதில் பாதிகூட இல்லை. 833 மீட்டர் பினாங்கு மலை அதற்குள் சப்பையாகிவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் கூகுள் டீப்மைண்டின் வானிலை ஏஐ மாடலான கிராஃப்காஸ்ட் ஒரு நிமிஷத்துக்குள் பத்து நாள் முன்னறிவிப்புத் தருவதைப் பற்றிப் பேசுகிறார்கள். நல்ல வேலைதான், மதிக்கிறேன். ஆனால் அதன் கட்டமும் இதே 0.25 டிகிரிதான். அம்மா வீட்டுச் சுவர் எந்தக் கட்டத்திலும் தெரியாது.

அக்டோபர் 16, வியாழன்

கடிதம் இல்லை. அலுவலகத்தில் கேட்டால் 'இன்னும் இரண்டு வாரம்' என்கிறார்கள். போன மாதமும் இரண்டு வாரம்தான்.

அக்டோபர் 17, வெள்ளி

தூக்கம் வரவில்லை. காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக நீராவி தாங்கும். 94-ஐ 1.07-ஆல் பெருக்கினேன். 100.6. ஸ்விட்சைத் தாண்டுகிறது. வெள்ளம் அப்படி நேர்விகிதத்தில் ஏறாது, ஆற்றின் அகலம், சாக்கடை, கடல் ஏற்றம் எல்லாம் இருக்கிறது, இப்படிப் பெருக்கவே கூடாது. தெரிந்தும் பெருக்கினேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. காலையிலேயே எண்ணெய்க் குளியல், தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்வந்தோம், முறுக்கு. மாடல் ஓடும் கணினிக் கிளஸ்டரைத் திறக்கவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

வானிலையைச் சமன்பாடுகளால் கணிக்கப் பார்த்த ஆங்கிலேயர் லூயிஸ் ரிச்சர்ட்சனைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் உலகப் போரில் பிரான்சில் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டே, கையால், ஆறு மணி நேர வானிலையைக் கணக்குப் போட்டார். காற்றழுத்தம் 145 ஹெக்டோபாஸ்கல் ஏறும் என்று விடை வந்தது. நிஜத்தில் அது ஏறக்குறைய அசையவே இல்லை. தாள்கள் போரில் தொலைந்து, மாதங்கள் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தன. அந்தத் தப்பான விடையை ஒளிக்காமல் 1922-இல் அச்சிட்டார். சமன்பாடுகளில் குற்றமில்லை, ஆரம்பத்தில் கொடுத்த காற்றுத் தரவு ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்று பிறகு தெரிந்தது.

எனக்கும் அதுதானா? இஆர்ஏ5-இல் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை அளவீடுகளை வைத்துத் திருத்துகிறார்கள். திருத்தும்போது நீர்க்கணக்கில் கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். அந்த மொத்தமே சரியில்லாதபோது அதற்கு நூறு சதவீதம் கட்டுப்படச் சொல்லி மாடலை இறுக்குகிறேன்.

அக்டோபர் 24, வெள்ளி

ஆமாம். அதுவும்தான்.

அக்டோபர் 28, செவ்வாய்

மேற்பார்வையாளரிடம் தூறல் படத்தையும் அம்மா வீட்டுக் கோட்டின் போட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் பார்த்தார். ஒரே விடை கேட்காதே, பல விடைகள் கேள் என்றார். டிஃப்யூஷன் மாடல்: அந்த ராத்திரிக்கு 50 சாத்தியங்கள், ஒவ்வொன்றிலும் தண்ணீரின் மொத்தம் ஓர் எல்லைக்குள், எங்கே கொட்டுவது என்பது மாடலின் பாடு. ஐம்பதில் ஒன்றாவது அம்மா வீட்டுப் பக்கம் கொட்ட வேண்டும். இதை மறுபடி எழுத ஆறு மாதம் வேண்டும். அந்த ஆறு மாதம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது.

நவம்பர் 1, சனி

அம்மாவுக்கு விளக்கினேன். "உன் கணக்குல கடல் இருக்காம்மா? அன்னைக்குக் கடல் ஏறியிருந்துச்சு, ஆத்துத் தண்ணி போக வழியில்ல." இல்லை என்றேன். மாடல் மழையோடு நின்றுவிடுகிறது. ராத்திரி முழுக்க அந்தக் கேள்விதான்.

நவம்பர் 3, திங்கள்

அவசரமாக எழுதிய முதல் வடிவத்தில் ஐம்பதையும் கிளஸ்டர் வரிசையில் போட்டாயிற்று. முன்னால் எட்டு பேர்.

நவம்பர் 4, செவ்வாய்

ஆறரையிலிருந்து மழை. ஆயர் ஈத்தாம் பக்கம் மலையே தெரியவில்லை. அம்மாவுக்குப் போன் போட்டேன்: அண்ணன் ஆற்றைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தானாம், இன்னும் இரண்டடி இடம் இருக்கிறதாம், பிரிட்ஜைச் செங்கல் மேல் ஏற்றிவிட்டார்கள். வரிசையில் முன்னால் இன்னும் மூன்று பேர். மழை கூடுகிறது. மோட்டார் சாவியை எடுத்துக்கொண்டேன்