மழையில் நனைந்த 40 மீட்டர் டைபோல்: ஒரு முகாமின் பதிவு

எங்கள் அமெச்சூர் வானொலிக் குழுவைச் சேர்ந்த ஏழு பேர், வெள்ளி மாலை முதல் ஞாயிறு நண்பகல் வரை ஒரு மலையடிவாரத்தில் கூடாரமிட்டுத் தங்குவது என்றும், சனிக்கிழமை உச்சிக்கு நடந்து சென்று அங்கிருந்து தொடர்புகள் கொள்வது என்றும் திட்டமிட்டிருந்தோம். அவ்வப்போது தூறல் இருக்கும் என்றே வானிலை முன்னறிவிப்பு சொல்லியிருந்தது. ஆனால் முதல் இரவு தொடங்கிய மழை ஞாயிறு காலைவரை ஏறக்குறைய ஓயவே இல்லை. இதற்கு முந்தைய இரண்டு முகாம்களும் வெயிலில் நடந்தவை என்பதால், ஈரத்தில் எந்தக் கருவி எப்படி நடந்துகொள்கிறது என்பதை இம்முறைதான் நேரில் பார்த்தோம். அதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முகாமின் முதன்மை ஆன்டெனா, ஏறக்குறைய 40 மீட்டர் அலைநீளம் கொண்ட 7 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலை டைபோல், அதாவது நடுவில் கேபிள் இணையும் இரு சம நீளக் கம்பிகள். 143ஐ மெகாஹெர்ட்ஸில் உள்ள அலைவெண்ணால் வகுத்தால் மொத்த நீளம் மீட்டரில் கிடைக்கும் என்ற பழைய கணக்கின்படி, பக்கத்துக்குப் பத்து மீட்டரும் சற்றே கூடுதலுமாக உறையிட்ட கம்பியை வெட்டி, கண்ணாடியிழைக் கம்பத்தில் 8 மீட்டர் உயரத்தில் நடுப்பகுதியைக் கட்டி, இரு முனைகளையும் நைலான் கயிற்றால் கீழ்நோக்கி இழுத்து மரங்களில் கட்டினோம். வெள்ளி மாலை காய்ந்த நிலையில் 7.090 மெகாஹெர்ட்ஸில் எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு ஆற்றல் திரும்பிவருகிறது என்பதைக் காட்டும் விகிதம், 1 என்றால் ஒன்றும் திரும்பவில்லை) 1.3 இருந்தது, அதுவே நாங்கள் எதிர்பார்த்த அளவு.

இரவு பத்து மணிக்கு மழை வலுத்தபின் மீண்டும் அளந்தபோது, மிகக் குறைந்த எஸ்.டபிள்யூ.ஆர். கிடைக்கும் இடம் 7.040க்கு இறங்கியிருந்தது. கம்பியின் உறைமேல் படியும் நீர்ப்படலம் அலையின் வேகத்தைச் சற்றுக் குறைப்பதால், கம்பி தன் உண்மையான நீளத்தைவிட நீண்டதுபோல நடந்துகொள்கிறது. படித்து மட்டுமே அறிந்திருந்த இந்தச் செய்தியை அளவியில் கண்டது எனக்குப் பெருமகிழ்ச்சி. கம்பியை வெட்டிவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். வெட்டினால் வெயில் வந்ததும் ஆன்டெனா குட்டையாகிவிடும் என்பதால், ஒவ்வொரு முனையிலும் 7 சென்டிமீட்டரைப் பின்னால் மடக்கி முறுக்கிவிட்டோம். குறைந்தபட்ச அளவு மீண்டும் 7.090க்கு அருகில் வந்து நின்றது.

பின்னிரவில் காற்று கம்பத்தை வளைக்கத் தொடங்கியதும், மேல் அடுக்குகளை உள்ளிழுத்து ஆன்டெனாவை 3 மீட்டருக்கு இறக்கினோம். இத்தனை தாழ்ந்த டைபோல் பயன்படாது என்ற கருத்து எங்களுள் சிலருக்கு இருந்தது. ஆனால் தாழ்ந்த டைபோல் தன் ஆற்றலின் பெரும்பகுதியை நேர் மேலே அனுப்புகிறது. வளிமண்டலத்தின் உயரத்தில் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்பும் மின்னேற்ற அடுக்கான அயனி மண்டலத்திலிருந்து அது செங்குத்தாகத் திரும்பும்போது சில நூறு கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கே நன்றாகக் கேட்கும். சனிக்கிழமை காலை 5 வாட்டில் அழைத்தபோது அருகிலுள்ள நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பதில் அளித்தன. வலிமை சற்றுக் குறைந்திருந்தாலும் பின்னணி இரைச்சலும் கூடவே குறைந்திருந்ததால், பேச்சைப் புரிந்துகொள்வதில் இழப்பு ஏதும் தெரியவில்லை. இருட்டிய பிறகு அயனி மண்டலம் வலுவிழந்து, செங்குத்தாகச் செல்லும் 7 மெகாஹெர்ட்ஸைத் திருப்பி அனுப்ப இயலாத நிலைக்குப் போகும். வெள்ளி இரவு அருகில் இருப்பவர்கள் மறைந்து தொலைவிலுள்ளவர்கள் மட்டும் கேட்டதற்கு அதுவே காரணம்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நால்வர் மலையேறப் புறப்பட்டோம். மலையுச்சிகளிலிருந்து வானொலித் தொடர்பு கொள்ளும் ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ திட்டத்தில் ஓர் உச்சியிலிருந்து புள்ளி பெற, உச்சிக்குக் கீழே பொதுவாக 25 மீட்டர் உயர வேறுபாட்டுக்குள் இருந்து குறைந்தது நான்கு தொடர்புகள் செய்ய வேண்டும். கையடக்கக் கருவிகளில் 145 மெகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு மணி நேரத் தொடக்கத்திலும் ஐந்து நிமிடம் கேட்பது, மற்ற நேரங்களில் கருவியை அணைத்து வைப்பது என்று முகாமில் தங்கிய மூவருடன் முன்பே பேசி வைத்திருந்தோம். முதல் மலைமுகட்டைத் தாண்டியதுமே முகாமின் குரல் அறவே நின்றது. இந்த அலைவெண் ஏறக்குறைய நேர்கோட்டில்தான் செல்லும், இடையில் பாறை நின்றால் 5 வாட்டும் உதவாது. முகாமிலிருந்த ஒருவர் எங்கள் பின்னால் ஏறிவந்து முகட்டில் அமர்ந்து, இரு பக்கச் செய்திகளையும் வாங்கிக் கொடுத்தார். கொட்டும் மழையில் இரண்டு மணி நேரம் அவர் அங்கே இருந்ததால்தான் அடுத்து நடந்தது நன்றாக முடிந்தது.

பத்து மணிச் செய்தியில், 7 மெகாஹெர்ட்ஸில் மின்னல் வெடிப்புகள் கூடிக்கொண்டே போவதாக முகாமிலிருந்து எச்சரித்தார்கள். அந்த ஓசை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தும் வரக்கூடும் என்பதால் அது மட்டும் போதிய சான்றாகாது. நாங்கள் ஒளிக்கும் இடிக்கும் இடையே நொடிகளை எண்ணத் தொடங்கினோம். முதலில் 40 நொடி, அதாவது ஏறக்குறைய 13 கிலோமீட்டர். சிறிது நேரத்தில் 25 நொடி. 30 நொடிக்குக் குறைந்தால் திரும்பிவிடுவது என்று புறப்படும்போதே முடிவு செய்திருந்ததால் அங்கே விவாதம் எழவில்லை. உச்சிக்கு இன்னும் நூறு மீட்டர் உயரமே இருந்தது, ஒரு தொடர்பும் செய்யவில்லை. அந்த முடிவு சரியானது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. முகாமில் இருந்தவர்கள் ஆன்டெனாவைக் கருவியிலிருந்து கழற்றி, கேபிள் முனையைக் கூடாரத்துக்கு வெகு தொலைவில் போட்டிருந்தார்கள். கடைசி இடிக்குப் பின் அரை மணி நேரம் கழித்தே மீண்டும் இணைத்தோம்.

அதன் பிறகு நேர்ந்ததுதான் இந்த முகாமின் முக்கியமான பாடம். மாலையில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.2 என்று காட்டியது, அதுவும் அந்த அலைவெண் பட்டையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏறக்குறைய மாறாமல். ஆனால் காலையில் நன்றாகக் கேட்டவர்கள் இப்போது எங்களை இரைச்சலுக்குள் தேடிக்கொண்டிருந்தார்கள். அயனி மண்டலத்தின் மேல் பழியைப் போட்டு ஒரு மணி நேரத்தை வீணாக்கினோம். மழையில் நனைந்து 3 மீட்டரில் தொங்கும் டைபோல் இத்தனை சீரான அளவைக் காட்டுவது இயல்பல்ல என்று குழுவின் மூத்தவர் ஐயப்பட்டு, கேபிளின் மறுமுனையை ஆன்டெனாவிலிருந்து கழற்றித் திறந்தபடி விட்டு, ஆன்டெனா அளவியால் அளக்கச் சொன்னார். ஒன்றுமே இணைக்காத கேபிளில் ஆற்றல் முழுவதும் திரும்பிவர வேண்டும். நல்ல நிலையிலுள்ள 20 மீட்டர் ஆர்ஜி-58 வகைக் கேபிளில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒருவழி இழப்பு 1 டெசிபலுக்கும் குறைவு (3 டெசிபல் இழப்பு என்றால் ஆற்றல் பாதியாகிறது) என்பதால், எஸ்.டபிள்யூ.ஆர். 10ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்திருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது 3. திரும்பும் அலை 6 டெசிபல் குறைந்திருக்கிறது என்பது இதன் பொருள். போகும்போது 3, வரும்போது 3. ஆக, அனுப்பிய 5 வாட்டில் பாதியைக் கேபிளே விழுங்கிக்கொண்டிருந்தது. திரும்பிவரும் அலையையும் அதே கேபிள் விழுங்கியதால்தான் அளவி அத்தனை அழகான எண்ணைக் காட்டியது.

மாற்றுக் கேபிள் 10 மீட்டர்தான் இருந்தது. கருவியைச் சிறிய கூடாரத்தோடு ஆன்டெனாவின் அடிக்கே நகர்த்தி, இணைப்பியின்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் நாடாவைச் சுற்றி, நீர் இணைப்பிக்குள் வழியாமல் கீழே சொட்டிவிடும்படி கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டோம். ஞாயிறு காலை, முந்தைய நாள் தேடியவர்களே தெளிவாகக் கேட்பதாகச் சொன்னார்கள்.

மற்றவை சுருக்கமாக: 12.8 வோல்ட், 20 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மூன்று நாளும் தாங்கியது, சூரியப் பலகை மேகத்தில் ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை. பேனாவால் எழுதிய பதிவேட்டின் முதல் பக்கம் கரைந்துபோனது. பென்சிலால் எழுதிய பக்கங்கள் நனைந்தும் படிக்கும்படியாக உள்ளன. மொத்தம் 31 தொடர்புகள்.

வீடு திரும்பியதும் பழைய கேபிளின் உறையை நீளவாக்கில் பிளந்து பார்த்தேன். முனையிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நகக்கண் அளவு கீறல் ஒன்று இருந்தது. அங்கிருந்து ஒரு பக்கம் முனைவரையும் மறுபக்கம் நான்கு மீட்டர் வரையும் செம்புப் பின்னல் கறுத்து, தொட்டால் விரலில் ஈரம் ஒட்டியது. அந்தக் கறுப்பு ஒரு வார இறுதியில் வந்திருக்க முடியாது. முந்தைய முகாமுக்குப் பிறகு கேபிளைப் பனியில் விட்டுவைத்த நாட்கள் நினைவுக்கு வந்தன. புதிய 20 மீட்டர் கேபிளை முனை திறந்தபடி அளந்து, கிடைத்த 11 என்ற எண்ணைத் தேதியுடன் அதன் முனையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன்.