மெழுகு கேட்பதும் மண் மறுப்பதும்

கோயில் சுவர் மாடத்தில் இருக்கும் கருங்கல் நடராசரைச் சற்று நின்று பாருங்கள். தூக்கிய திருவடியும் விரிந்த கைகளும் பின்னால் உள்ள கல்லோடு ஒட்டியே இருக்கும். அதே கோயிலின் செப்புத் திருமேனியில் அந்தக் கால் காற்றில் தனியாக நிற்கும். இரண்டையும் செய்தவர்களின் கற்பனையில் குறையில்லை. கருங்கல் எவ்வளவு பாரம் வைத்தாலும் தாங்கும், ஆனால் இழுவிசையைத் தாங்கும் திறன் அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே இருக்கும். நீட்டிய கல் கை உளி அடி விழும்போதே மூட்டில் ஒடியும். உலோகத்துக்கு அந்தப் பயம் இல்லை.

நாம் பாணி என்று வியப்பதில் பாதி, பொருள் போட்ட நிபந்தனைக்குக் கலைஞர் கண்டுபிடித்த பதில். நம் ஊர்க் கலைகளைப் பற்றி எழுதுபவர்கள் பக்தியையும் பரம்பரையையும் நிறையச் சொல்கிறார்கள். மெழுகு என்ன பதத்தில் இருந்தது, மண் எத்தனை நாள் காய்ந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

முதலில் செப்புத் திருமேனி. மெழுகில் உருவம் செய்து, அதன் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவதே முறை. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுவாமிமலையில் இந்த வேலை தென்னை ஓலையில் தொடங்குகிறது. சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, சிலையின் உறுப்புகளுக்கு அளவு சொல்லும் தாலக் கணக்குப்படி மடித்துக் குறி வைப்பார்கள். இதுதான் ஒடியோலை. அந்தக் கணக்கில் உத்தம தசதாலம் என்ற அளவில் மொத்த உயரம் 124 அங்குலம். இது அளவுகோலில் இருக்கும் அங்குலம் அல்ல. சிலை சாண் உயரமானாலும் ஆள் உயரமானாலும் அதை 124 பங்காக்கினால் வருகிற ஒரு பங்கே ஓர் அங்குலம். அதில் எட்டில் ஒன்று ஒரு யவை. முகம், மார்பு, தொப்புள், முழங்கால் எல்லாம் அந்த மடிப்புகளிலிருந்தே வரும். ஓலையை மெழுகின் வளைவின் மேலேயே படியவைத்து அளக்கலாம் என்பது அதன் பெரிய வசதி. இரும்பு ஸ்கேல் அப்படி வளையாது.

அடுத்து மெழுகு. பரவலாகச் சொல்லப்படும் கணக்கு மெழுகு நாலு பங்கு, குங்கிலியப் பொடி நாலு பங்கு, கடலை எண்ணெய் ஒரு பங்கு. குங்கிலியம் விறைப்பைக் கொடுக்கும், எண்ணெய் இளக்கத்தைக் கொடுக்கும். சித்திரை வெயிலில் எண்ணெயைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் காலையில் நிமிர்ந்திருந்த விரல் மதியத்தில் தொங்கிவிடும். மார்கழியில் குங்கிலியம் அதிகமானால் மெழுகு வளையாமல் பொடிபொடியாக உடையும். பக்கத்தில் எப்போதும் ஒரு தொட்டி குளிர்ந்த தண்ணீர் இருக்கும். தலை, உடல், கை, கால் என்று தனித்தனியாகப் பிடித்து, தண்ணீரில் இறுக விட்டு, காய்ச்சிய இரும்புக் கருவியால் மூட்டுகளை உருக்கி ஒட்டுவார்கள். ஒட்டிய இடத்தை இழைத்து மறைப்பது கைப்பழக்கம். இங்கே சோம்பினால் அந்தக் கோடு உலோகத்திலும் அப்படியே வரும்.

உருவம் முடிந்ததும் அதே மெழுகைக் குச்சிகளாக உருட்டி முதுகுப் பக்கம் பொருத்துவார்கள். உலோகம் உள்ளே போகவும் காற்று வெளியே வரவும் இவையே வழி. பின்னாளில் இந்தத் தண்டுகளை அறுத்து ராவ வேண்டியிருக்கும் என்பதால்தான் முகத்தின் பக்கம் வைப்பதில்லை. இப்போது மெழுகை எடை போட வேண்டும். மெழுகைவிட உலோகம் சுமார் ஒன்பது மடங்கு கனம் என்பதால், தண்டுகளோடு சேர்த்து 2 கிலோ மெழுகு இருந்தால் அச்சுக்குள் 18 கிலோ உலோகம் போகும். உலோகம் உருக்கும் பாத்திரமான மூசையில் 20 கிலோவாவது உருக்க வேண்டும். பாதியில் உலோகம் தீர்ந்து, மறுபடி உருக்கி ஊற்றினால் முன்பு ஊற்றியதன் மேற்பரப்பு இறுகியிருக்கும். இரண்டும் கலக்காமல் நடுவில் ஒரு மடிப்பு நிற்கும். அப்படிப்பட்ட சிலையை உடைத்து மறுபடி உருக்குவதைத் தவிர வழியில்லை.

சுவாமிமலை வார்ப்பின் உயிர் காவிரி வண்டல் என்பது என் உறுதியான எண்ணம். நுண்ணிய வண்டலோடு உமிக்கரியும் சாணமும் சேர்த்து மாவுபோல் அரைத்து, மெழுகின் மேல் சுமார் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு முதல் பூச்சு பூசுகிறார்கள். மெழுகில் இருக்கும் மயிரிழைக் கோட்டைக்கூட அந்த வண்டல் பதிந்துகொள்ளும். உமிக்கரிக்கு வேறு வேலை. அதனால் மண்ணில் மிக நுண்ணிய துளைகள் உண்டாகின்றன, அடைபட்ட காற்று அவற்றின் வழியாகத்தான் கசிந்து வெளியேறுகிறது. அதன் மேல் வயல் களிமண்ணும் மணலும் கலந்த இரண்டாம் பூச்சு, பிறகு பருமணல் கூடிய மூன்றாவது. பெரிய அச்சுக்கு இரும்புக் கம்பி சுற்றுவார்கள். ஒவ்வொரு பூச்சும் நிழலில் காய வேண்டும். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் உள்ளே மெழுகு விரிந்து மண் வெடிக்கும். அந்த வெடிப்புக்குள் உலோகம் புகுந்து சிலையின் மேல் தகடு தகடாக நிற்கும்.

காய்ந்த அச்சை வறட்டித் தீயில் சுட்டு மெழுகை வடிப்பது அடுத்த கட்டம். மெழுகு வடிந்ததும் நிறுத்திவிடக் கூடாது. மண்ணில் ஊறிய மெழுகும் எரிந்து தீர வேண்டும், ஈரமும் முழுக்கப் போக வேண்டும். கொஞ்சம் ஈரம் மிஞ்சினால் உருகிய உலோகம் பட்ட நொடியில் அது ஆவியாகும். சின்ன அளவென்றால் சிலையில் குழிகள் விழும். பெரிய அளவென்றால் உலோகம் வாய்வழியாகத் திருப்பிச் சீறும், நிற்பவர் மேல் தெறிக்கும்.

செம்பு உருக 1085 டிகிரி செல்சியஸ் வேண்டும். பித்தளையில் இருக்கும் துத்தநாகமோ 907 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். எனவே செம்பு முழுக்க உருகிய பிறகுதான் பித்தளையைப் போடுவார்கள். அப்போது கிளம்பும் வெள்ளைப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும், அந்த நேரத்தில் காற்றோட்டம் கட்டாயம். ஈயம் செம்போடு கரைவதில்லை, துளித்துளியாகப் பரவி நிற்கும். நன்றாகக் கிண்டி உடனே ஊற்றாவிட்டால் அடியில் தங்கிவிடும். ஆனால் ஈயத்தால்தான் உலோகம் விரல்நுனி வரை ஓடுகிறது, உளிக்கும் இளகுகிறது. பஞ்சலோகம் என்று பெயர் சொன்னாலும் வெள்ளியும் தங்கமும் மிகச் சிறிதளவுதான்.

சூடான அச்சை வாய் மேலே பார்க்கும்படி குழியில் புதைத்து, அறாத மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். அச்சு ஆறியிருந்தால் உலோகம் விரல்நுனியை எட்டும் முன் உறைந்துவிடும். உள்ளே கூடு இல்லாமல் முழுக்க உலோகமாக வார்க்கும் கன வார்ப்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. தடித்த இடை கடைசியில் ஆறும். ஆறும்போது சுருங்கி, பக்கத்திலிருந்து உலோகத்தை இழுக்கும். அங்கே ஒரு தண்டு இல்லையென்றால் குழி விழும். உடைத்த அச்சு மீண்டும் உதவாது, மெழுகும் போய்விட்டது. ஆகையால் ஒரு கருவுக்கு ஒரே சிலை.

சோழர் காலத் திருமேனிகளில் நகையும் மடிப்பும் பெரும்பாலும் மெழுகிலேயே முடிந்திருக்கும். இன்று பல பட்டறைகளில் மெழுகில் மேலோட்டமாக விட்டு, நுணுக்கத்தை உளியால் உலோகத்தில் வெட்டுகிறார்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். மெழுகில் பிறந்த கோட்டின் ஓரம் மழுங்கலாக, தோல் போல் இருக்கும். உளிக்கோட்டின் ஓரம் கூராக நின்று வெளிச்சத்தை வெட்டும். உளி வேலைக்கும் தேர்ச்சி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் முகத்தின் கனிவு மெழுகில்தான் வரும்.

இதே செம்பைத் தகடாக எடுத்தால் கதையே மாறுகிறது. 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைச் சேர்ந்த பி.வி. ஜானகிராம் தகட்டைத் தட்டி எடுத்துச் செய்த சிற்பங்கள் முன்புறம் பார்க்கவே ஆனவை. தகட்டுக்கு மேல்பரப்பு உண்டு, கனம் இல்லை. அவர் அதை மறைக்காமல் அதன் மேலேயே கோடுகளைக் கம்பியாக ஒட்டி வரைந்தார்.

இனி மண். புதுக்கோட்டைப் பக்கத்து ஐயனார் குதிரைகளின் கால்கள் தூண் மாதிரி இருப்பதற்குக் காரணம் ஈர மண்ணுக்கு வலு குறைவு என்பதே. குதிரை செய்யும் குயவரான வேளார் முதலில் செய்வது நாலு கால்களைத்தான். களிமண்ணில் மணலும் உமியும் மிதித்துக் கலந்து, திரி திரியாக உருட்டி வளையமாக அடுக்குவார்கள். உள்ளே உருண்டைக் கல்லைப் பிடித்துக்கொண்டு வெளியே மரப்பலகையால் தட்டுவார்கள். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து இறுகும். கால் பாதி காய்ந்து தோல்போல் இறுகும் தோல்பதத்துக்கு வந்த பிறகே அதன் மேல் வயிறு ஏறும். அடுத்த நாள் கழுத்து, அதற்கும் பிறகு தலை. மொத்த மண்ணையும் ஒரே நாளில் ஏற்றினால் கால் முட்டியில் பிதுங்கி உட்கார்ந்துவிடும். நீண்ட வயிற்றுக்கு அடியில் சில குதிரைகளில் ஐந்தாவது தூண் நிற்பதும் இதனால்தான்.

மணலும் உமியும் வெறும் நிரப்பல் அல்ல. தனிக் களிமண் காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும், மணல் அதைத் தடுக்கிறது. உமி சூளையில் எரிந்துபோய் விட்டுச் செல்லும் துளைகள் நீராவிக்கு வழி. காய்ந்த பாகத்தின் மேல் ஈரப் பாகத்தை ஒட்டினால் ஈரம் மட்டும் சுருங்கி, மூட்டு வட்டமாகப் பிளக்கும். எனவே முன்பு செய்த ஓரத்தை ஈரத்துணியால் மூடி வைத்து, மறுநாள் கீறி, குழைசேறு தடவித்தான் அடுத்த வளையம் வைப்பார்கள். உடம்பில் ஒரு துளையாவது விட வேண்டும். மூடிய வெற்றிடத்தில் காற்றும் நீராவியும் சிக்கினால் சூளையில் குதிரை வெடிக்கும். தீயை முதல் சில மணி நேரம் புகையாகவே வைத்திருப்பதும் இதற்காகத்தான். 100 டிகிரியைத் தாண்டும் கட்டத்தில் அவசரப்பட்டால் மேல்தோல் செதில் செதிலாகப் பெயரும்.

சிமெண்ட் குதிரைகள் முன்காலைத் தூக்கிப் பாய்கின்றன. உள்ளே இரும்புக் கம்பி இருப்பதால் முடிகிறது. மண் குதிரை பாயாது, நாலு காலையும் ஊன்றித் தலையை நிமிர்த்தி நிற்கும். காவல் தெய்வத்தின் வாகனத்துக்கு அந்த நிலையே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.

தஞ்சாவூர் ஓவியத்துக்குப் பலகைப் படம் என்றும் பெயர் உண்டு. பலகைதான் அதன் பலமும் பலவீனமும். மரம் மழைக்காலத்தில் உப்பும், கோடையில் சுருங்கும். அதற்கு மேல் பூசிய சுண்ணம் அப்படி அசையாது. நடுவில் பருத்தித் துணி ஒட்டுவது இந்த இழுபறியைத் தாங்கத்தான். பழைய படங்களில் பலாப்பலகையும் புளியங்கொட்டைப் பசையும், இன்று நீர் புகாத பிளைவுட்டும் பெவிகாலும். துணிக்கு அடியில் ஒரு காற்றுக்குமிழி மாட்டினாலும் நாளடைவில் அந்த இடம் தூக்கும், எனவே நடுவிலிருந்து ஓரத்துக்கு உள்ளங்கையால் நீவி ஒட்ட வேண்டும். பிறகு சாக் பவுடரும் பசையும் கலந்த பூச்சு இரண்டு முறை, உப்புத்தாள் தேய்ப்பு, வரைபடம்.

மக்கு வைப்பதில்தான் புதியவர்கள் தவறுகிறார்கள். சுக்கான் என்ற சுண்ணாம்புக்கல் மாவில் கோந்தைச் சேர்த்துக் குழைத்து, நகையும் தூணும் வளைவும் புடைத்து நிற்கும்படி தூரிகையால் வைப்பது மக்கு. ஒரே தடவையில் தடிமனாக வைத்தால் மேற்பரப்பு முதலில் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் சுருங்கும்போது மேலே சிலந்தி வலையாகக் கீறும். கோந்து அதிகமானாலும் கீறல், குறைந்தால் விரல் பட்டாலே உதிரும். மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை வைப்பதே பாதுகாப்பு. கற்களைப் பதித்து, மக்கு நன்றாகக் காய்ந்த பின் கோந்து தடவி 22 காரட் தங்கத்தாளை அழுத்த வேண்டும். கோந்து குளம்போல் நின்றால் தாள் மூழ்கி மங்கும், காய்ந்துவிட்டால் ஒட்டாது. விரல் வைத்தால் லேசாகப் பிடித்து இழுக்கும் பதம்தான் கணக்கு.

தங்கம் இவ்வளவு இடம் பிடிப்பதால் உருவங்கள் அசையாமல் நேராக நிற்கின்றன, முகத்தில் நிழல் மிதமாகவே விழுகிறது. புடைப்பின் விளிம்பில் விளக்கொளி ஆடும்போது அசைவு அங்கே வருகிறது. டியூப் லைட்டுக்கு நேர் எதிரே மாட்டினால் இது எதுவும் தெரியாது.

வாங்குபவர்களுக்கு ஒன்று. போலித் தாள் செம்பும் துத்தநாகமும் கலந்தது, காற்றுப் பட்டுச் சில ஆண்டுகளில் கறுக்கும், பச்சையும் படியும். தங்கம் அப்படி ஆகாது. கண்ணாடி போட்டு அடைத்த பிறகு வேறுபாடு காண்பது கடினம், எனவே சட்டம் போடும் முன்பே படத்தைக் கேட்டுப் பாருங்கள். கண்ணாடி மக்கின் மேல் படாமல் சட்டத்துக்குள் இடைவெளி இருக்கட்டும். பின்பலகை ஈரச் சுவரில் ஒட்டாதபடி நாலு மூலையிலும் ஒரு தக்கைத் துண்டு வைத்து மாட்டுங்கள்.