நூறு ரூபாயில் பத்துப் பைசா

2015 பிப்ரவரி இறுதியில், மத்திய வரிகளில் மாநிலங்களின் பங்கு 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயரப்போகிறது என்ற செய்தி நாளிதழ்களில் வந்த மறுநாள், நான் துணை வட்டார வளர்ச்சி அலுவலராகப் பணியாற்றிய ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு ஒரு ஊராட்சித் தலைவர் பேப்பரும் கையுமாக வந்து சேர்ந்தார். "சார், இனிமே கரண்ட் பில்லுக்குத் திண்டாட வேண்டியதில்லைதானே?" என்று கேட்டார். அவர் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கில், அதாவது மின் கட்டணத்துக்கும் குடிநீர்க் கட்டணத்துக்கும் என்று ஒதுக்கி வைத்திருக்கும் கணக்கில், அப்போது இருப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பழைய படிவம் ஒன்றின் பின்புறத்தில் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பகிர்ந்தளிக்கப்படும் மத்திய வரி நூறு ரூபாய் என்றால், மத்திய வரிகளை மாநிலங்களோடு எப்படிப் பகிர்வது என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிந்துரைக்கும் நிதிக் குழுக்களில் 13-ஆவதன் காலத்தில் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து 32 ரூபாய். அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.969 சதவீதம். ஆக நமக்கு வந்தது ஒரு ரூபாய் 59 பைசா. 14-ஆவது குழு மொத்தத்தை 42 ரூபாயாக உயர்த்திய கையோடு தமிழ்நாட்டின் பங்கை 4.023 சதவீதமாகக் குறைத்துவிட்டதால், புதிய கணக்கில் ஒரு ரூபாய் 69 பைசா. பத்து ரூபாய் ஏறியதாகச் செய்தி வந்த இடத்தில் நமக்கு ஏறியது பத்துப் பைசா. செஸ், சர்சார்ஜ் என்ற பெயர்களில் மத்திய அரசு வசூலிப்பது இந்த நூறு ரூபாய்க்குள் வராது என்பதையும் சொன்னேன். பிறகு ஓர் ஆர்வத்தில் 2000-இல் தொடங்கிய 11-ஆவது குழுவின் கணக்கையும் போட்டுப் பார்த்தேன்: 29.5 சதவீதத்தில் 5.385 சதவீதம், அதுவும் ஒரு ரூபாய் 59 பைசாதான். தலைவர் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தப் பத்துப் பைசாவும் நேராக அவர் ஊருக்கு வராது என்பதை அன்று எனக்கு விளக்கத் தோன்றவில்லை. ஊராட்சிக்கு மாநில அரசு அமைக்கும் மாநில நிதிக் குழுவின் மானியமாக வருவது மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து பிரிக்கப்படும் தொகை. உள்ளாட்சிகளுக்குப் பத்து சதவீதம், அதில் ஊரகத்துக்கு 58 சதவீதம், அந்த ஊரகப் பங்கிலும் கிராம ஊராட்சிகளுக்கு 60 சதவீதம் என்பது நான் நெடுங்காலம் கையாண்ட விகிதம். நூறு ரூபாயில் மூன்று ரூபாய் 48 பைசா. அதைப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் ஊராட்சிகள் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

நான் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த 1980-களின் இறுதியில் சதவீதம் என்ற சொல்லே எங்கள் அலுவலகத்தில் அதிகம் புழங்கியதில்லை. நிலவரியோடு சேர்ந்து வரும் தலவரியும், வசூலித்த வீட்டு வரிக்கு இணையாக அரசு தரும் மானியமும்தான் எங்கள் பேச்சு. தொகைகள் சிறியவை, ஆனால் வீட்டு வரி ஒரு ரூபாய் வசூலானால் மேலும் ஒரு ரூபாய் வரும் என்பது பகுதிநேர எழுத்தருக்கும் தெரிந்திருந்ததால், மார்ச் மாதத்தில் கேட்பு (யார் எவ்வளவு வரி கட்ட வேண்டும் என்பது), வசூல், நிலுவைப் பட்டியலை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அலைவார்கள். ஊராட்சிகளுக்கு அரசியல் சட்ட அங்கீகாரம் தந்த 73-ஆவது திருத்தமும் 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டமும் வந்து, நிதிக் குழுக்களின் வழியே மக்கள்தொகையை முதன்மையாகக் கொண்டு பெருந்தொகை வரத் தொடங்கிய பிறகு அந்த அலைச்சல் குறைந்தது. கொடுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். வறண்ட ஊராட்சிகள் அந்தப் பணத்தில்தான் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி கட்டின. ஆனால் வசூலித்தாலும் வசூலிக்காவிட்டாலும் அதே மானியம் என்றாகிவிட்ட பிறகு, உறவுக்காரரிடம் போய் வரி கேட்கும் சங்கடத்தை எந்தத் தலைவர் விரும்பி ஏற்பார்?

மாநில நிதி தவிர, உள்ளாட்சிகளுக்கென்று மத்திய அரசு தரும் மானியமும் உண்டு. 14-ஆவது குழு அதில் ஊரக மானியம் முழுவதையும் கிராம ஊராட்சிகளுக்கே என்று சொல்லிவிட்டதில் ஒன்றியக் குழு உறுப்பினர்களுக்குப் பெரும் வருத்தம். கூட்டத்துக்குக் கூட்டம் அந்தக் கோபத்தை எங்கள் மேல்தான் காட்டினார்கள். அதற்குள் 2016 அக்டோபரில் மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது, தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத இடத்துக்குப் பணம் இல்லை என்று மத்திய மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடக்கும்வரை என் மேசைக்கு வந்த கோப்புகளில் மின் கட்டண நிலுவைக் கோப்பே மிகவும் தடிமனானது. தேர்தலை நடத்தாதது ஊர் மக்கள் அல்ல. மோட்டார் பழுதாகிக் குடத்தோடு காத்திருந்தவர்கள் அவர்கள்.

15-ஆவது குழு கிராம ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்ற மூன்று அடுக்குகளுக்கும் மீண்டும் பணம் கொடுத்தது. ஆனால் 2021-க்குப் பிறகு அதில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிடலாம் என்று கட்டியும் வைத்தது. நான் ஓய்வுபெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு, ஊராட்சி ஒன்றின் புதிய தலைவி தெருவிளக்கு மாற்றத் தீர்மானம் போட்டு எடுத்துவந்தார். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் தாராளமாக வந்துகொண்டிருந்த ஊர் அது. கட்டிவைத்த தொகையில் இருப்பு இருந்தது. கட்டில்லாத தொகை தீர்ந்திருந்தது. "பணம் இருக்கு, ஆனா இல்லைங்கறீங்களா சார்?" என்றார். ஆமாம் என்று சொல்லி, பொது நிதியில் வீட்டு வரி எவ்வளவு நிலுவை என்று பார்க்கச் சொன்னேன். ஊராட்சிச் செயலர் அலமாரியிலிருந்து எடுத்துவந்த கேட்புப் பதிவேட்டில் ஆறு ஆண்டுகளாக எந்தப் பதிவும் இல்லை.