கையெழுத்து சரியாகத்தான் இருந்தது

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு வங்கிக் கிளை. அங்கே காசு கொடுக்கும் கருமபீடத்தில் 11 வருடம் இருந்தேன். ஆட்களின் பெயரைவிடக் கையெழுத்துத்தான் எனக்குச் சட்டென்று நினைவுக்கு வரும். மாஸ்டருடையது அழகானது. பெயருக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. கொழும்பில் 30 வருடம் கணக்குப் படிப்பித்தவர். வட்டியைச் சதம் பிசகாமல் மனதிலேயே கூட்டி வந்து, கணினி காட்டும் தொகையோடு மல்லுக்கு நிற்பார்.

ஒருநாள் படிவத்தை என் பக்கம் தள்ளி, "பிள்ளை, நீரே நிரப்பிவிடும்" என்றார். கண்ணாடியை மறந்துவிட்டாராக்கும் என்று நினைத்தேன். அடுத்த மாதம் காலையில் பென்சன் எடுத்தவர், மத்தியானம் திரும்பவும் வரிசையில் நின்றார்.

"காலமை எடுத்திட்டீங்கள் ஐயா."

பாஸ் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் இப்பதானே வாறன்."

அப்புறம், யாரோ தன் காசைக் களவெடுக்கிறார்கள் என்று சத்தம் போடத் தொடங்கினார். மகளிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "அப்பாவுக்கு ஒண்டுமில்லை அக்கா, நாற்பது வருசக் கதையெல்லாம் அச்சொட்டாச் சொல்லுறார்" என்றாள். அவள் சொன்னதும் உண்மைதான். அல்சைமர் என்ற மறதிநோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில். புது நினைவுகள் பதிவது அதன் வழியாகத்தான். பழையவை கொஞ்சக் காலம் தாக்குப்பிடிக்கும். வீட்டில் பழங்கதை சொல்லியே சமாளித்துவிடலாம். கருமபீடத்தில் முடியாதே! இன்று என்ன திகதி, எவ்வளவு வேண்டும், அதை எழுத்தில் எழுதுங்கள் என்றுதானே நாங்கள் கேட்கிறோம். காசுக் கணக்குத் தடுமாறுவது ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று என்பதைப் பிறகுதான் அறிந்தேன்.

ஆனால் கையெழுத்து மட்டும் அட்டையில் உள்ளபடியே விழுந்தது. கை பழகிய பழக்கம் பிந்தித்தான் கழரும். வங்கி நம்புவதும் அதைத்தான். ஒருநாள் ஒரு பெடியனோடு வந்து பெரிய தொகை கேட்டார்.

"ஆர் ஐயா இது?"

"தெரிஞ்ச பெடியன்."

கையெழுத்து ஒத்தது, கொடுத்தேன். அந்தக் காசு எங்கே போனதென்று வீட்டில் யாருக்கும் தெரியாது. என்னில் பிழையில்லை என்றார் முகாமையாளர். விதிப்படி இல்லைதான்.

அதற்குப் பிறகே வைத்தியரிடம் கொண்டுபோனார்கள். டொனெபெசில் என்ற மருந்து கொடுத்தார்கள், அறிகுறிகளைக் கொஞ்சம் தணிக்கலாம், நோயை நிறுத்தாது என்றாராம் வைத்தியர். வாசல் காவலாளியோடு சரளமாகச் சிங்களம் பேசியவர், தமிழிலேயே பதில் சொல்லத் தொடங்கினார். பொழுது சாய்ந்தால் பதகளிப்புக் கூடும். ஒரு மாலை மரைன் டிரைவில் நின்று, யாழ்ப்பாணம் போகும் யாழ்தேவி ரயில் எத்தனை மணிக்கு என்று போவோர் வருவோரைக் கேட்டுக்கொண்டிருந்தவரை ஓட்டோக்காரர் ஒருவர் வீட்டில் கொண்டுவந்து விட்டார். பிறகு சட்டைப் பொத்தான் போடுவது மறந்தது, பிறகு மகளின் பெயர்.

1901இல் ஜெர்மனியின் பிராங்பேர்ட் மருத்துவமனையில், இந்த நோய்க்குப் பெயர் தந்த வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர், அவுகுஸ்டே டேட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைப் பெயர் எழுதச் சொன்னார். 'திருமதி' என்று எழுதியவருக்கு மீதி வரவில்லை. 1906இல் அந்தப் பெண் இறந்தபின் மூளையைப் பார்த்தபோதுதான் படிவுகளும் சிக்கலான நார்முடிச்சுகளும் தெரிந்தன.

மகள் பென்சன் எடுக்க வசதியாக ஒரு கைநாட்டு வேண்டுமென்றார்கள். அதுவும் விதிதான். மைப்பெட்டியோடு வீட்டுக்குப் போய், பெருவிரலைப் பிடித்து ஒற்றினேன். துடைக்கத் துணி எடுக்க மகள் உள்ளே போனாள். மாஸ்டர் என் பேனையை எடுத்தார். பெயர் வரவில்லை. ரேகைக்குக் கீழே ஒரு கோடு இழுத்தார். கனநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு புள்ளி வைத்தார்.