திரையில் ஓடும் அலை: ஜூன் குறிப்புகள்

3 ஜூன் 2025, செவ்வாய், தருமபுரி

பென்னாகரம் பக்கத்து ஆயா ஒருவருக்குப் பித்தப்பை ஆபரேஷன். மயக்க மருந்து கொடுப்பது நான். மேசையில் படுத்ததும், "எந்திரிச்சிருவேனா சாமி?" என்றார். "எந்திரிச்சிருவீங்க ஆயா, நான் இங்கயேதான் இருப்பேன்" என்றேன்.

நெற்றியில், மூளையின் மின் அலைகளைத் திரையில் காட்டும் இஇஜி பட்டை ஒட்டியிருந்தோம். புரோபோஃபால் என்ற மயக்க மருந்து ஏறியதும் பெரிய, மெதுவான அலைகள் எழுந்தன. இளவயதினருக்கு அவற்றோடு விநாடிக்கு 8 முதல் 12 முறை துடிக்கும் ஆல்ஃபா அலையும் பளிச்சென்று தெரியும். ஆயாவுக்கு மங்கல்தான், வயதான மூளை அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் கோடு தட்டையானது, திடீரென ஒரு கொத்து அலை, மறுபடி தட்டை. இயல்பான தூக்கத்தில் இந்த வடிவம் வராது, ஆழ்ந்த கோமாவில் வரும். மருந்தைக் குறைத்ததும் கலைந்தது. இத்தனைக்கும் பிபி, நாடி, ஆக்சிஜன் எல்லாம் சீராகவே இருந்தன.

5 ஜூன், வியாழன்

காலையிலிருந்து சிசேரியன். எல்லாம் ஸ்பைனல், முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது. களைப்பு.

8 ஜூன், ஞாயிறு

எமெரி பிரவுன் கட்டுரைகளை மறுபடி படித்தேன். அவர் மயக்கவியல் மருத்துவர், புள்ளியியலாளரும்கூட. 1846-இல் ஈதர் பாஸ்டனில் எல்லோர் முன்னும் காட்டப்பட்ட அதே மாசசூசெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் பணி. மயக்கத்தின் ஆழம் என்று மானிட்டர் தரும் ஒற்றை எண்ணை மட்டும் நம்பாமல் அலையையே படியுங்கள் என்கிறார். சரிதான். கெட்டமின் என்ற மயக்க மருந்து கொடுத்தால் நோயாளி ஆழமாகப் போயிருக்கும்போதே அந்த எண் ஏறும்.

சுயநினைவை நிறுத்தித் திரும்பக் கொண்டுவருவது எங்கள் அன்றாட வேலை. மூளையை ஆராய இதைவிட நல்ல இடம் எது?

11 ஜூன், புதன்

பட்டமேற்படிப்பு மாணவி நியாயமான கேள்வி கேட்டாள்: "இஇஜி பார்த்து மருந்து குறைச்சா, ஆபரேஷனுக்கு அப்புறம் வர்ற குழப்பம் குறையுமா சார்?" 2019-இல் அமெரிக்காவில் 60 வயது தாண்டிய 1,232 பேரிடம் செய்த எங்கேஜஸ் ஆய்வில் குறையவில்லை. இஇஜி பார்த்து மருந்து கொடுத்தவர்களில் 26 சதவீதம் பேருக்குக் குழப்பம், வழக்கமான முறையில் 23 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை. அவளிடம் அப்படியே சொன்னேன். ஆனால் ரத்தசோகையோடு வந்து சேரும் நம் ஊர் ஆயாக்களிடமும் யாராவது இதை ஆராய்ந்து பார்த்தாக வேண்டும்.

குழப்பத்தைச் சோதிக்கும் கேள்விகளை இருவரும் உட்கார்ந்து மாற்றினோம். எழுத்துக் கூட்டச் சொல்வது பள்ளிக்கே போகாதவருக்கு அநியாயம். கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லலாம், சந்தை என்றைக்கு என்று கேட்கலாம். ஆய்வுக்கான ஒப்புதல் படிவத்தையும் பேச்சுத் தமிழில் எழுதுகிறாள். எதிக்ஸ் கமிட்டி அடுத்த வாரம். அதற்கு முன் வார்டு ஆயாம்மாவிடம் படித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் புரியாத வரியை எடுத்துவிடலாம்.